அலுமினிய வள்ளத்துக்குச் செம்புப் பெயின்ற் வேண்டாம்

ஆசிரியருக்கு,

பழைய அலுமினிய வள்ளத்தை வீட்டிலேயே புதுப்பித்துப் பெயின்ற் அடிப்பது பற்றித் தங்கள் வார இறுதி இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்கும் றைஸ் ஏரிக்கும் தூண்டிலோடு போகும் நம்மவர்கள் பெருகிவிட்ட நேரத்தில் வேண்டிய கட்டுரைதான். 12 அடி, 14 அடி றிவெற் வள்ளங்கள் வசந்த காலத்தில் வீட்டு முற்றங்களில் விலைக்கு நிற்கின்றன. மலிவாக வாங்கி ஒரு சனி ஞாயிறில் பளபளப்பாக்கிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் கட்டுரை சொன்னபடி இரும்புக் கம்பிப் பிறஷால் உரசி, சிவப்பு ஒக்சைட் பிறைமர் அடித்து, அடிப்பக்கத்துக்குப் பாசி பிடிக்காத செம்புப் பெயின்ற் பூசினால் அந்த வள்ளம் இரண்டு மூன்று பருவத்தில் பாழாகிவிடும். இவை இரும்புக்கும் மரத்துக்கும் கண்ணாடிநார் வள்ளத்துக்கும் உரிய வேலைகள். அலுமினியத்துக்கு மூன்றில் ஒன்றும் ஆகாது.

செம்பிலிருந்து தொடங்குகிறேன், ஓட்டை விழுத்துவது அதுதான். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் இருந்தால் ஒன்று கரைந்து மற்றதைக் காக்கும். செம்போடு சேர்ந்தால் கரைவது எப்போதும் அலுமினியம். பிறைமரில் சின்னக் கீறல் ஒன்று விழுந்தால் போதும், செம்பு கலந்த பெயின்ற் அந்த இடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் பெயின்ற் கொப்புளிக்கும். கொப்புளத்தை உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு. மாவை நகத்தால் சுரண்டினால் கீழே குண்டூசித் தலையளவு குழி. வள்ளத்தின் தகடே 1.5 தொடக்கம் 2 மில்லிமீற்றர் தடிப்புத்தான், குழி மறுபக்கம் போக எவ்வளவு நேரம்? உப்பு நீரில் இது விரைவாக நடக்கும், ஏரி நீரில் ஆறுதலாக நடக்கும். அது போக, காலையில் இறக்கி மாலையில் றெயிலரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் வள்ளத்தில் பாசி பிடிக்க ஏது அவகாசம்? அந்தப் பெயின்ற்றே வீண் செலவு. கோடை முழுக்கத் தண்ணீரில் கட்டிவைப்பவர்கள் மட்டும், அலுமினியத்துக்கு உகந்தது என்று டப்பாவில் எழுதியிருப்பதைத் தேடி வாங்கி, அதே டப்பா சொல்லும் பிறைமரின் மேல் பூசட்டும்.

செம்பு வேறு வழிகளிலும் வள்ளத்துக்குள் வந்துவிடுகிறது. 1996 வரை அடித்த கனேடிய ஒரு சதக் காசு பெரும்பாலும் செம்பு. 2013இல் அரசு அதை விநியோகிப்பதை நிறுத்திவிட்டாலும் பழைய வள்ளங்களின் இருக்கைக்கடியில் இன்னமும் ஒன்றிரண்டு கிடக்கும். சேற்றோடும் ஈரத்தோடும் கிடந்த காசை எடுத்துப் பார்த்தால் தகட்டில் அதே வட்டத்தில் அரிப்பு இருக்கும். பித்தளைக் கொளுக்கி, ஈயக்குண்டு எல்லாம் இதே வகைதான். ஆகவே வள்ளத்தை வாங்கியதும் முதல் வேலை, இருக்கைகளுக்கடியில் கைவிட்டு இலை, சேறு, பழைய காப்பெற் துண்டு, காசு, குண்டு அனைத்தையும் வெளியே எடுத்துக் கழுவுவது. ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் காப்பெற் தனியாகவே தகட்டை அரிக்க வல்லது.

மூன்றாவது வழி மரம். மோட்டர் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவூட் இருக்கும். அதிகம் உக்குவதும் அதுதான். மோட்டரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகை நெளிந்தாலும், ஸ்குரூட்றைவர் முனை அமுங்கினாலும் மாற்ற வேண்டியதுதான். கட்டுரை இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மோட்டர் ஏரிக்குள் விழுவதற்குக் காரணமாவது பெயின்ற் அல்ல, இந்தப் பலகைதான். பழைய பலகையைக் கூடியவரை உடையாமல் எடுத்து அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டலாம். பொதுவாக 19 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டை எப்பொக்சியால் ஒட்டி 38 மில்லிமீற்றர் ஆக்குவார்கள். உங்கள் வள்ளத்தின் தடிப்பை அளந்து பார்த்துச் செய்யுங்கள். வெளிவேலைக்கான நீர் தாங்கும் பசையில் செய்த பிளைவூட் போதும். உக்காது என்று நம்பி, வேலிக்கும் டெக்குக்கும் விற்கும் பச்சை நிற மருந்தேற்றிய பலகையை மட்டும் வாங்கவேண்டாம். அந்த மருந்தில் இருப்பது செம்பு. இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே ஈரமான செம்பு மருந்தை வைத்து இறுக்கினால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லியாயிற்று.

பலகையின் எல்லாப் பக்கத்துக்கும் எப்பொக்சி மூன்று பூச்சு. விளிம்பு அதிகம் உறிஞ்சும், அங்கே இன்னொன்று. போல்ற் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் அடைத்து, காய்ந்தபின் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்போதுதான் துளை வழியாகத் தண்ணீர் மரத்துக்குள் போகாது. போல்ற் ஸ்ரெயின்லெஸ் என்றாலும் அதுவும் அலுமினியத்துக்கு வேற்று உலோகமே. ஆகவே நைலோன் வாஷர் போட்டு, போல்ற்றின் உடலில் கடல்வேலைக்கான சீலன்ற் பூசி இறுக்குவது வழக்கம்.

இனி ஒழுக்கு. பெயின்ற் அடித்துவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும் என்று நினைத்தே பலர் வேலையைத் தொடங்குகிறார்கள். தளர்ந்த றிவெற் ஒவ்வொரு அலைக்கும் அசையும், அதன்மேல் உள்ள பெயின்ற் வெடித்துத் திறக்கும். ஒழுக்கைக் கண்டுபிடிக்க வள்ளத்தை ஏரியில் இறக்கத் தேவையில்லை. றெயிலரில் வைத்தபடியே, கீழே ஓடும் ஏரா நெடுகத் தாங்கல் கொடுத்து, வடிகால் அடைப்பை இறுக்கி, உள்ளே தண்ணீர் விடுங்கள். 5 தொடக்கம் 8 சென்ரிமீற்றர் போதும். லீற்றருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் பார்த்தால் அதுவே 200, 300 கிலோவாகிவிடும். விளிம்பு வரை நிரப்பி வள்ளத்தின் இடுப்பை முறித்தவர்களும் உண்டு. அரை மணித்தியாலம் கழித்துக் கீழே படுத்து, வியர்த்த ஒவ்வொரு றிவெற்றையும் சோக்கால் அல்லது மார்க்கரால் வட்டமிடுங்கள். பென்சில் வேண்டாம். அதன் கரியும் அலுமினியத்தை அரிக்கும்.

தண்ணீர் காட்டாத தளர்ச்சியையும் பிடிக்க வழியுண்டு. றிவெற் தலையைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் வால்போல ஒரு கறை ஓடியிருந்தால் அது அசைந்து தேய்ந்த அலுமினியத் தூள். வெளியே தலையில் விரலை வைத்துக்கொண்டு, உள்ளே ஒருவர் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினால் இறுகிய றிவெற் சும்மா இருக்கும். தளர்ந்தது விரலுக்கடியில் துடிக்கும்.

அதை மறுபடி இறுக்க இருவர் வேண்டும். வெளியே ஒருவர் 2, 3 கிலோ இரும்புக் கட்டி ஒன்றை, பெரிய சம்மட்டித் தலையென்றாலும் சரி, றிவெற் தலையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் உருண்டைமுகச் சுத்தியலால் வாலை நாலைந்து சின்னத் தட்டுத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் தகடு விரிந்து பக்கத்து றிவெற்றுகள் தளரும், ஒன்றைத் திருத்தப்போய் நான்கு ஒழுகும். கட்டி தலையை விட்டு விலகியிருக்கும்போது அடி விழுந்தால் தலை உட்குழிந்துவிடும். வெளியே இருப்பவர் குரல் கொடுத்த பின்பே உள்ளே அடி விழ வேண்டும். காதுக்கு அடைப்பும் வேண்டும், வெற்று வள்ளம் பறைபோல அதிரும்.

இறுக்கியும் நிற்காத றிவெற்றைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதியது போடலாம். கடையில் கிடைக்கும் சாதாரணப் பொப் றிவெற் நீர்மட்டத்துக்குக் கீழே உதவாது, அதன் நடுவே ஓட்டை, ஓட்டைக்குள் கறள் பிடிக்கும் இரும்புத் தண்டு. முனை மூடிய, தண்டும் அலுமினியத்தால் ஆன வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 3/16 அங்குல றிவெற்றுக்கு 11ஆம் இலக்கத் துளையூசி பொருந்தும். துளையில் 5200 போன்ற கடல்வேலைப் பொலியூறெதேன் சீலன்ற்றைத் தடவி றிவெற்றை இழுத்துவிட்டு அந்த வார இறுதியை அத்தோடு மறந்துவிடுங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர 48 மணித்தியாலம், முழுதாக இறுக 5 தொடக்கம் 7 நாள். சிலிக்கோன் குழாயை மட்டும் வள்ளத்துக்கு அருகிலும் கொண்டுவரவேண்டாம். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்ற்றும் ஒட்டாது, மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகி நிற்கும். வெல்டிங்கும் அப்படித்தான். மெல்லிய தகட்டில் ஓட்டையை அடைக்கப்போய்ச் சூட்டில் சுற்றியுள்ள றிவெற்றுகள் தளரும், இருக்கைக்குள் இருக்கும் ஃபோமில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

இவ்வளவும் முடிந்தபின்தான் பெயின்ற். அதற்கு முன் ஒரு கேள்வி: பெயின்ற் தேவையா? அலுமினியம் கறள் பிடிக்காது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் தானாக ஒரு ஒக்சைட் படலம் உண்டாகி அதைக் காத்துக்கொள்ளும். முழுதும் உரிந்துபோன வள்ளத்தை வெறும் தகடாகவே விட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. பெயின்ற் அழகுக்கும், வெயிலில் கண் கூசாமலிருக்கவும்தான். அரைகுறையாகப் பூசிய பெயின்ற், தனக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் வெறுந்தகட்டைவிடக் கெட்டது.

அந்த ஒக்சைட் படலம்தான் பெயின்ற் உரிவதற்கும் காரணம். வெளுத்துப்போன பழைய ஒக்சைட்டின்மேல் பூசினால் பெயின்ற் பிடித்துக்கொண்டிருப்பது தகட்டையல்ல, மேலுள்ள மாவை. அடுத்த கோடையில் தாள் தாளாகக் கழன்று வரும்.

இரும்புக் கம்பிப் பிறஷால் உரசினால் இரும்புத் துகள்கள் மென்மையான தகட்டில் புதைந்து, சில மாதத்தில் பெயின்ற்றுக்கூடாகக் கறள் புள்ளி வைக்கும். மரூன் நிற நைலோன் உரசுபட்டையும் அலுமினியம் ஒக்சைட் சான்ட்பேப்பரும் எடுங்கள். பழைய பெயின்ற் இறுக்கமாக இருக்கும் இடத்தில் அதை முழுதாக உரிக்க வேண்டியதில்லை. உரிந்த இடத்தின் விளிம்பை 80, பிறகு 120, கடைசியில் 180 இலக்கத்தால் சாய்வாக இழைத்தால் போதும். மின் உரசியை றிவெற் வரிசைமேல் ஓட்டாதீர்கள், தலைகள் சப்பையாகிப் பிடிமானம் போய்விடும். அங்கே கைதான். இரசாயன உரிப்பான் வாங்கினால் அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்க வேண்டும். கோஸ்ரிக் சோடா கலந்தவை, அடுப்புக் கழுவும் ஸ்பிரே உட்பட, தகட்டையே கரைக்கும். கரையும்போது எழும் நுரையில் ஐதரசன் வாயு இருக்கிறது.

பழைய வள்ளங்களில் பெயின்ற்றுக்குக் கீழே மஞ்சள் கலந்த பச்சை நிறம் தெரிந்தால் அது சிங்க் குரோமேற் பிறைமர் ஆக இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மேற்பூச்சில் ஈயமும் இருக்கக்கூடும். உலர்வாக உரசித் தூசியைக் கராஜ் முழுக்கப் பரப்பாமல் தண்ணீர் தெளித்து உரசி, நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடி போட்டு, கீழே தார்ப்பாய் விரித்துச் செய்ய வேண்டிய வேலை அது. கழிவைத் தெரு வடிகாலில் கழுவி விட்டால் அது போய்ச் சேர்வது ஆற்றிலும் ஏரியிலும்தான். நகராட்சியின் ஆபத்தான கழிவுகள் எடுக்கும் நிலையத்தில் கொடுக்கலாம்.

எண்ணெய்ப் பசையை உரசுவதற்கு முன் எடுக்க வேண்டும். பிறகென்றால் பசை கீறல்களுக்குள் போய்விடும். அசற்றோனில் நனைத்த துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறுகையில். நனைத்துத் துடைத்த இடம் காயுமுன் உலர்ந்ததால் எடுக்க வேண்டும். காயவிட்டால் பசை அங்கேயே மறுபடி படியும். உரசி முடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாக விரிந்து வடிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பசை இருக்கிறது.

சுத்தமான தகட்டுக்கு அன்றைக்கே, சில மணித்தியாலங்களுக்குள், பிறைமர் பட வேண்டும். சிவப்பு ஒக்சைட் இரும்புக்கு. இங்கே வழி இரண்டு. செல்ஃப் எச்சிங் பிறைமர் ஒன்று, இரண்டு பகுதி எப்பொக்சி பிறைமர் மற்றது. எச்சிங் பிறைமரில் இருக்கும் அமிலம் தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும். அதை மெல்லிய ஒரே பூச்சாக, கீழே தகட்டின் நிறம் நிழலாகத் தெரியும்படி அடிக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் அமிலம் உள்ளே அடைபட்டுப் பிறகு உரியும். அடிப்பக்கத்துக்கு எப்பொக்சியே நல்லது. இரண்டும் நல்லவைதானே என்று எச்சிங் பிறைமரின் மேல் எப்பொக்சியை அடிப்பது வழக்கமான தவறு. அமிலம் எப்பொக்சியை இறுக விடாது. பிறைமர் செய்த நிறுவனம் சம்மதித்து எழுதியிருந்தால் ஒழியச் செய்யவேண்டாம்.

14 அடி வள்ளத்தின் வெளிப்பக்கம் ஏறக்குறைய 10 சதுர மீற்றர். 946 மில்லிலீற்றர் டப்பா ஒன்று ஒரு பூச்சுக்கு அவ்வளவுக்குக் காணும். எப்பொக்சி பிறைமர் இரண்டு பூச்சு, மேற்பூச்சு இரண்டு. ஆக ஒவ்வொன்றிலும் இரண்டு டப்பா, உட்பக்கத்துக்குத் தனிக்கணக்கு. மேற்பூச்சுக்கு ஒரு பகுதி எனாமல் போதும். றெயிலரில் வாழும் வள்ளத்துக்குக் கனேடியன் ரயர் கடையில் கிடைக்கும் எண்ணெய் எனாமலே தாங்கும், நாட்கணக்காகத் தண்ணீரில் கிடந்தால்தான் அது மெதுமையாகிக் கொப்புளிக்கும். இரண்டு பகுதிப் பொலியூறெதேன் மிக உறுதியானது, ஆனால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேற் உண்டு. வீட்டுக் கராஜில் அதை ஸ்பிரே செய்யவே கூடாது.

10 சென்ரிமீற்றர் ஃபோம் றோலரால் ஒருவர் மெல்லிதாக உருட்டிக்கொண்டு போக, பின்னால் ஒருவர் நல்ல பிறஷின் நுனியால் தடவிக் குமிழ்களை உடைத்துக்கொண்டு வந்தால் ஸ்பிரே அடித்ததோ என்று கேட்பார்கள். 60 சென்ரிமீற்றருக்கு மேல் ஒரே தடவையில் உருட்டவேண்டாம். நேர் வெயிலில் அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே தின்னர் அடைபட்டுப் பொக்குளிக்கும். ஒன்ராறியோவின் மே மாத மாலையில் வேறு ஆபத்து: வெயில் சாய்ந்ததும் தகடு காற்றைவிட விரைவாகக் குளிர்ந்து பனி படியும், அந்தப் பூச்சு பளபளப்பு மங்கி வெளிறிவிடும். பிற்பகல் மூன்று மணிக்குள் பிறஷைக் கழுவிவிடுவது நல்லது. இரண்டாம் பூச்சின் நேரத்தை டப்பாவில் வாசித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரே எனாமல் பலவற்றில் 1 மணித்தியாலத்துக்குள் அல்லது 48 மணித்தியாலத்துக்குப் பிறகு என்று இருக்கும். இடையில் அடித்தால், பாதி காய்ந்த கீழ்ப்பூச்சுக்குள் புதிய தின்னர் ஊறி முழுப் பரப்பும் முதலைத்தோல் போலச் சுருங்கும். திரும்பவும் உரசுவதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

உட்பக்கத்துக்கு மங்கலான இளஞ்சாம்பல் நிறம். வெள்ளை கண்ணைக் கூசும், கறுப்பு யூலை வெயிலில் காலைச் சுடும்.

இருக்கைக்குள் இருக்கும் ஃபோமைக் குப்பையென்று எறிவதும் நடக்கிறது. வள்ளம் நிரம்பினாலும் மூழ்காமல் வைத்திருப்பது அதுதான். ஒரு கன அடி உலர்ந்த ஃபோம் ஏறக்குறைய 27 கிலோவைத் தாங்கும். தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் மாற்றவேண்டும். எடுத்த அளவுக்குக் குறையாமல், கட்டடக் கடையில் விற்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற இறுகிய ஃபோம் பலகையை வெட்டி வைக்கலாம். பெற்றோல் பட்டால் அது கரைந்துவிடும், பெற்றோல் தாங்கி வைக்கும் பக்கத்தில் கவனம் தேவை.

கடைசியாக மறைக்கக் கூடாதவை. பின்பலகையின் வெளிப்புறம் வலது மேல்மூலையில் 12 எழுத்துகளில் பொறித்த வள்ளத் தொடரிலக்கம், உள்ளே எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைவலு என்று சொல்லும் தகடு, இரண்டையும் மறைநாடாவால் மூடிவிட்டு அடியுங்கள். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டர் என்றால், வள்ளத்தின் அனுமதி இலக்கத்தை அதன் முன்பகுதியான அணியத்தின் இருபக்கமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில், பின்னணிக்கு மாறான நிறத்தில் மறுபடி ஒட்டவேண்டும். வடிகால் அடைப்பின் றபரையும் அதே வேளையில் மாற்றிவிடலாம். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் வள்ளத்தைத் தெருவில் கொண்டுபோகும்போது அடைப்பைக் கழற்றித் தண்ணீரை முழுதும் வடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அடிக்கடி கழற்றிப் பூட்டும் பொருள் என்பதால் அந்த றபர் விரைவில் தேய்கிறது.

கட்டுரையை வெட்டி வைத்திருக்கும் வாசகர்கள் இருப்பார்கள், வசந்தமும் வந்துவிட்டது. செம்புப் பெயின்ற் பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழில் அதே பக்கத்தில் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபுறோ